மாரமங்கலத்துக்கு மட்டும் வறண்ட வானிலை

“மார்கழி 20. ராத்திரி மழை. களத்துக் காப்பி பூராவும் நனைந்தது. ரேடியோ பொய்.”

ஏற்காட்டு மலையில், மாரமங்கலத்தில் எங்கள் வீட்டுச் சாமான் அறைக் கதவின் உட்புறத்தில் அப்பா தச்சுப் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. ஆண்டு இல்லை. எழுதும்போது அது எந்த ஆண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஆகவே எழுதவில்லை. அதே கதவில் பசு கன்று போட்ட நாள், மிளகுக் கொடி நட்ட நாள், கூரைக்கு ஓடு மாற்றிய நாள் என்று இன்னும் பல குறிப்புகள் உண்டு. ஒன்றிலாவது ஆண்டு கிடையாது. பசுவை வைத்து மழையையும், மழையை வைத்து ஓட்டையும் கணக்கிட்டுப் பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கம் என்பதற்கு மேல் நெருங்க முடியவில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. அக்கா, “அந்த மழை வருசந்தான்” என்கிறாள். அம்மா, “நீ பச்சைப் பாவாடை கட்டியிருந்த வருசம்” என்கிறாள். அந்தப் பாவாடையின் மடிப்பைப் பிரித்துப் பிரித்து மூன்று வருடம் கட்டினேன். கிழமை தெரிந்தாலாவது பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டி ஆண்டைப் பிடித்துவிடலாம். அந்த மழைக்கு மறுநாள், அக்கா சேலத்தில் போய் நின்ற நாள், வெள்ளி என்று அவள் சாதிக்கிறாள். அம்மா செவ்வாய் என்று சாதிக்கிறாள். இப்போது இருவருமே இந்த விஷயத்தை நான் எடுத்தால் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுகிறார்கள்.

நடந்ததை மட்டும் யாரும் மறுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் சித்தப்பாவின் ரேடியோவிலிருந்து தொடங்க வேண்டும்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதும் வேலை. கல்யாணம் ஆகாதவர், எங்களோடு இருந்தார். அவரிடம் தோலுறை போட்ட ஒரு ரேடியோ இருந்தது. பேட்டரி தீரத் தொடங்கினால் அதைக் கழற்றிக் காப்பி காயும் களத்தில் காப்பியோடு சேர்த்து வெயிலில் வைப்பார். வெயில் ஏறினால் பேட்டரிக்கு உயிர் வரும் என்பது அவர் நம்பிக்கை. வருவதும் உண்டு, இரண்டு நாளைக்கு.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், சாயங்காலச் செய்தி முடிந்து வானிலை வாசிக்கும் நேரம் எங்கள் வீட்டில் பூசை நேரம் மாதிரி. சித்தப்பா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு களத்துச் சுவரில் கரடியூர்ப் பக்கம் பார்த்து உட்காருவார். அங்கேதான் இரைச்சல் குறைவு. ரேடியோவிலிருந்து ஒரு செம்புக் கம்பி கொய்யா மரத்துக்குப் போகும். அந்தக் கம்பியை நான் கையில் பிடித்திருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே தினமும் சாயங்காலம் நான் ஒரு கம்பம்.

அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். சித்தப்பா கையை உயர்த்துவார். எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். ரேடியோக்காரர், “வட தமிழகத்தின் உள் மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவும், மலைப் பகுதிகளில் ஓரிரு இடங்களில் உறைபனி காணப்படும்” என்கிற மாதிரி எதையாவது வாசிப்பார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது சித்தப்பாவின் கொள்கை.

“அவங்களுக்கு மலைன்னா ஊட்டியும் கொடைக்கானலுந்தானுங்க. நம்மள மலைன்னு ஒத்துக்க மாட்டாங்க. சமவெளின்னும் ஒத்துக்க மாட்டாங்க. நாமதான் கணக்குப் போட்டுக்கோணும்.”

கணக்கு இதுதான். கடலூரில் இன்றைக்கு மழை என்றால் மாரமங்கலத்தில் நாளைச் சாயங்காலம். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்த ஓரிரு இடங்களில் நாம் இல்லை. ‘பரவலாக’ என்றால் தார்ப்பாய். உறைபனி என்றால் ஊட்டிக்காரர்கள் பாடு. இதையெல்லாம் கூட்டிக் கழித்து அவர் ஒரு முடிவைச் சொல்வார். அதன்படிதான் களத்தில் வேலை நடக்கும். பகலெல்லாம் பரப்பிக் கிளறிவிட்ட காப்பிப் பழத்தைச் சாயங்காலம் குவித்தாக வேண்டும். வறண்ட வானிலை என்றால் பனி இறங்காமல் இருக்கக் குவியலின் மேல் சாக்கு போட்டால் போதும். மழை என்றால் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, சுற்றிலும் கல் வைத்து, தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்ட வேண்டும். பாதி காய்ந்த பழத்தில் மழை விழுந்தால் பூசணம் பிடித்துவிடும். வருடம் முழுதும் பட்ட பாடு ஓர் இரவில் நாறிப் போகும்.

சித்தப்பாவின் கணக்கு பெரும்பாலும் பலித்தது. மார்கழிப் பின்பாதியில் மழை வராது என்று சொல்ல ரேடியோ தேவையில்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்தே உறைத்தது. அன்றைக்கு அவர் எனக்குப் பெரிய ஆள். பள்ளியில் மற்ற பிள்ளைகளிடம் நாளைய வானிலையை நான் இன்றைக்கே சொல்வேன்.

அப்பாவுக்கும் இந்த முடிவு தேவைப்பட்டது. காப்பிக்கு மட்டும் அல்ல. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு சேலத்திலிருந்து வந்துகொண்டிருக்கையில் மழை பிடித்து, மலைப் பாதையில் மரம் விழுந்து, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பஸ் ராத்திரி முழுக்க நின்றுவிட்டது. அதன் பிறகு அப்பா வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். சித்தப்பா மழை என்று சொன்னால் யாரும் மலையை விட்டு இறங்கக் கூடாது. நியாயமான சட்டம்தான். ஆனால் அது வளர்ந்துகொண்டே போயிற்று. சேலத்தில் சினிமாவா? மூடுபனி. மாமா வீட்டு விசேஷமா? சாரல். பள்ளிக்கூடத்தில் அணைக்கட்டுப் பார்க்கக் கூட்டிப்போகிறார்களா? மேகம் ஒரு மாதிரி இருக்கிறது.

“உங்கப்பா வேண்டாம்னு சொல்லி நான் கேட்டதே இல்லை,” என்பாள் அம்மா. “மானந்தான் வேண்டாம்னு சொல்லும்.” எங்கள் ஊர்ப் பேச்சில் வானம் என்றால் மானம்.

அந்த மார்கழியில் அக்காவுக்கு ஒரு கார்டு வந்தது. ஏற்காட்டில் மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் பத்தாவது முடித்திருந்தாள். அங்கிருந்த டீச்சர் ஒருவர் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட வைத்திருந்தார். குறிப்பிட்ட நாளில் காலையில் நேரில் வர வேண்டும், வராதவர்கள் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கார்டு சொன்னது. அக்கா அதைப் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். அப்பா இரண்டு தரம் படித்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

“பனிக்காலமாச்சே” என்றார்.

அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் ஆத்தூரிலிருந்து பெரியப்பா வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு அண்ணன். காப்பி பறிக்கும் காலத்தில் ஒரு வாரம் வந்து தங்கி, மப்ளரைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் வேலை செய்வதில் உள்ள குற்றங்களைச் சொல்லிவிட்டுப் போவார். அவர் பேச்சை அப்பா மீறி நான் பார்த்ததில்லை. பெரியப்பா வரும்வரை அதட்டலாகப் பேசிக்கொண்டிருந்த அப்பா, அவர் வந்ததும் சின்னப் பையன் மாதிரி தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே இருப்பார். அந்தத் துண்டைப் பிடுங்கி எறியலாம் போல எனக்கு இருக்கும்.

பெரியப்பா கார்டைப் பார்த்தார். “புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதா? ராத்திரி டூட்டியெல்லாம் இருக்குமேடா. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசப் போனா என்னனு சொல்றது?”

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். அப்பா துண்டைச் சரிசெய்தார்.

“அனுப்பறேன்னு நான் எங்கீங்கண்ணா சொன்னேன்? மழை இருந்தா போக மாட்டா. வெயில் இருந்தா, கார்டு வந்துபோட்டுது, போயி எட்டிப் பாத்துட்டு வரட்டும். மானம் விட்ட வழிங்க.”

பெரியப்பாவுக்கு இது நியாயமாகப் பட்டது. வானத்தோடு அவர் சண்டைக்குப் போக முடியாது. அக்காவின் படிப்பும் பிழைப்பும் இப்படியாகச் சித்தப்பாவின் ரேடியோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ‘போ’ அல்லது ‘போகாதே’ என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு வாயும் இல்லை. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்கழி 20 மத்தியான பஸ்ஸில் புறப்பட வேண்டும். ஒண்டிக்கடையில் மாறிச் சேலம் போய், அத்தை வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பா ரேடியோவை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தார். பெரியப்பாவின் நாற்காலியும் வந்தது. அப்பா குவியலைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அக்கா, கழுவிய குண்டாவையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மேல் தோட்டத்துக்காரரும் அவர் சம்சாரமும் நின்றார்கள். நான் கம்பியைப் பிடித்தேன்.

பேட்டரி மிகவும் மோசம். சித்தப்பா காதை ரேடியோவோடு ஒட்டிக்கொண்டார். எனக்குக் கேட்டதெல்லாம், “தென்மேற்கு வங்கக் கடலில்” என்பதும் அதற்குப் பின்னால் ஒரே இரைச்சலும்தான். அந்த மாதங்களில் வங்கக் கடல் வராத நாளே கிடையாது என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“போதும் கண்ணு, கைய எடுத்துரு,” என்று சொல்லிச் சித்தப்பா ரேடியோவை அணைத்தார்.

“என்னடா சொல்றான்?” என்றார் பெரியப்பா.

“வறண்ட வானிலைங்கண்ணா. நாலு நாளைக்கு ஒரு சொட்டு விழாதுங்க.”

அப்பா நிமிர்ந்தார். “நாலு நாளா? உன்ற ரேடியோ ரெண்டு நாளுக்கு மேல சொல்லாதே?”

“இது வேறீங்கண்ணா. குளிர்கால நிலவரம். வர்ற நாளுக்கெல்லாம் சேத்துத் தொகுத்துச் சொல்லிப்போட்டாங்க.”

“அதென்ன புதுசா?”

“வருசத்துக்கு ஒருக்கா சொல்லுவாங்க.”

மேல் தோட்டத்து அம்மா, “அப்ப சாக்கே போதுமுங்களா தம்பி?” என்று கேட்டாள். சித்தப்பா சற்றுத் தயங்கினார் என்று எழுத ஆசைதான். ஆனால் தயங்கினாரா என்பது எனக்கு நினைவில்லை. “போதுமுங்க” என்றார். அது நினைவிருக்கிறது.

மறுநாள் விடிந்தபோது பனியே இல்லை. மார்கழியில் மாரமங்கலத்தில் பல் கிட்டித்துப் போகும் குளிர் இருக்க வேண்டும். அன்று காலையில் வெதுவெதுவென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம், சுவெட்டர் போடாமல் ஓடலாம் என்று. பத்து மணிக்கு மேல் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பா எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு, அக்காவைக் கொண்டுபோய் விட வெள்ளை வேட்டி கட்டித் தயாராக இருந்தார்.

பெரியப்பா நாற்காலியிலிருந்தே அண்ணாந்து பார்த்தார். “ஏண்டா, மானம் இருட்டுதே?”

“மூடுபனிங்கண்ணா” என்றார் சித்தப்பா.

“கறுப்பா இருக்குது?”

“அடர்த்தியான மூடுபனிங்க.”

அம்மா அக்காவின் சர்டிபிகேட்டுகளை ஓர் உரப் பையின் பிளாஸ்டிக் உள்ளுறையில் போட்டு, வாயைச் சணலால் இரண்டு தரம் கட்டினாள். பிறகு களத்துக்கு வந்து, “ஏனுங்க, எதுக்கும் தார்ப்பாய எடுத்துப் போடட்டுங்களா?” என்று அப்பாவைக் கேட்டாள்.

தார்ப்பாய் சாமான் அறையில்தான் இருந்தது. அப்பா வானத்தைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. பெரியப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

“எதுக்கு? தம்பிதான் நாலு நாளைக்கு ஒண்ணுமில்லைன்னுட்டானே. ரேடியோவுல சொன்னதுக்கு மேல உனக்குத் தெரியுமா?”

அம்மா, “சரீங்க” என்று உள்ளே போய்விட்டாள். அம்மா அவ்வளவு சுலபமாக ஒன்றை விட்டுக்கொடுத்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

பஸ் வந்தது. அக்கா ஏறினாள். அவள் முகத்தில் சிரிப்போ அழுகையோ எதுவும் இல்லை. பஸ் கிளம்பும்வரை எதையும் நம்புவதில்லை என்று வைத்திருந்தாள் போலிருக்கிறது. கண்டக்டர் விசில் கொடுத்தார். வளைவு திரும்பும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது. “மழைங்கப்பா” என்றேன்.

“பனி,” என்றார் அப்பா. “ஊட்டுக்கு நட.”

சாயங்காலம் வரை தூறிக்கொண்டு இருந்தது. அப்பா சாக்குகளை மட்டும் சரியாக இழுத்துவிட்டார். இருட்டியதும் கொட்டத் தொடங்கி விடியும்வரை நிற்கவில்லை. காலையில் களத்தைப் பார்த்தபோது குவியல் இல்லை. பழமெல்லாம் ஓடிய தண்ணீரோடு சரிந்து கொய்யா மரத்தடி வரை சேறும் காப்பியுமாகக் கிடந்தது. மேல் தோட்டத்துக்காரர் கையில் ஒரு பிடி ஊறிய பழத்தோடு வந்து நின்றார். அவர் சம்சாரமும் வந்தாள். அவள் கையில் இரண்டு பிடி.

“எங்கீங்க தம்பி? நிலவரத்த அவருகிட்டக் காட்டோணும்.”

“சேலம் போயிட்டானுங்க” என்றார் அப்பா.

“அது சரி. மழைக்கு ஒதுங்க நல்ல எடமாப் பாத்துப் போயிட்டாரு.”

பெரியப்பாவுக்கு அன்று திருவிழா. “நான் அப்பவே கேட்டேன், கறுப்பா இருக்குதேன்னு” என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். அவருக்கு முன்னால் அப்பா சித்தப்பாவைத் திட்டத் தொடங்கினார். அப்பா அப்படித் திட்டி நான் கேட்டதே இல்லை. ரேடியோவை, பேட்டரியை, செம்புக் கம்பியை, அதைப் பிடித்திருந்த என்னையும் சேர்த்துத் திட்டினார். வந்தவர்களுக்கே சங்கடமாகி, “விடுங்க, சின்னவரு தெரியாமச் சொல்லிப்போட்டாரு” என்று அவரைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தார்கள். சாமான் அறைக்குள் போய் அவர் கதவில் எழுதியது அப்போதுதான்.

மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் போக்குவரத்தே நின்றுவிட்டது. அக்காவை அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சித்தப்பா மூன்றாம் நாள்தான் வந்தார், ஒண்டிக்கடையிலிருந்து நடந்தே, கையில் எனக்கு ஒரு பன் பொட்டலத்தோடு. வேலியருகே ஆட்கள் காத்திருந்தார்கள்.

“ஏனுங்க ரைட்டரே, வறண்ட வானிலை எப்படி இருந்துச்சுங்க?” என்றார் மேல் தோட்டத்துக்காரர். “எங்க களத்துல முழங்கால் மட்டும் வறண்டு போச்சு.”

“நான் சொன்னது பொதுவான நிலவரமுங்க” என்றார் சித்தப்பா.

“எந்த ஊருக்குப் பொது?”

சித்தப்பா அவர்களை விலக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார். அப்பா களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டே, அவரைப் பார்க்காமல், “போன காரியம்?” என்று மட்டும் கேட்டார்.

“எடுத்துக்கிட்டாங்கண்ணா. ஆனி மாசம் வந்து சேரச் சொல்லியிருக்காங்க.”

“ம்” என்றார் அப்பா. பெரியப்பா நாற்காலியிலிருந்து, “எட்டிப் பாத்துட்டு வரட்டும்னுதானேடா சொன்னே?” என்றார். “எடுத்துக்கிட்டாங்கன்னா நான் என்னங்கண்ணா பண்றது?” என்று அப்பா இன்னும் வேகமாகக் கிளறினார்.

நான் பன்னை வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளியில் என் பேர் ‘வறண்ட வானிலை’ என்று ஆகியிருந்தது. அந்தப் பொங்கல் விடுமுறை முழுதும் நானும் அம்மாவும் களத்தில் உட்கார்ந்து பூசணம் பிடித்த பழத்தைத் தனியாகப் பொறுக்கினோம். விரலில் ஏறிய வாடை சோற்றிலும் வந்தது. சித்தப்பா ஒழுங்காக ரேடியோ கேட்டிருந்தால் இந்தக் கேடு இல்லை என்று நான் திடமாக நம்பினேன். அதன் பிறகு யாரும் வேலிப் பக்கம் வரவில்லை. அவர் மட்டும் தினமும் சாயங்காலம் ரேடியோவைக் கேட்டு, முடிவை உரக்கச் சொல்லிவிட்டு எழுந்து போவார். கம்பியைப் பிடிக்க நான் போகவில்லை. இப்படிப் பல வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

இது வெறும் வானிலைத் தவறாக இருக்காதோ என்ற சந்தேகம் எனக்கு வந்தபோது நான் நரைக்கத் தொடங்கியிருந்தேன். அக்கா ஆஸ்பத்திரியில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். ஒருநாள் போனில் ஏதோ பேச்சில், “அன்னிக்குச் சாயங்காலம் ரேடியோ வெக்கறதுக்கு முன்னாடியே, துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டியா கண்ணுன்னு சித்தப்பா எங்கிட்டக் கேட்டாரே” என்றாள். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். “நீ எந்தக் கிழமைன்னுதானே கேட்டுக்கிட்டிருந்தே” என்றாள்.

சித்தப்பா இப்போது ஒண்டிக்கடை அருகே குடியிருக்கிறார். டிவியில் மேகப் படம் காட்டும்போது அதோடு தர்க்கம் செய்துகொண்டிருப்பார். நேரில் போய்க் கேட்டேன், அன்றைக்கு ரேடியோ உண்மையில் என்ன சொன்னது என்று.

“வறண்ட வானிலைன்னுதான் சாமி.”

“நாலு நாளைக்குமா?”

“அவங்க சொன்னதத்தான் நான் சொன்னேன். அவங்க சொன்னது தப்பு. நான் என்ன பண்ணட்டும்?”

“குளிர்கால நிலவரம்னு ஒண்ணு சொல்லவே மாட்டாங்களே சித்தப்பா. அதுக்கு முன்னாடியும் நான் கேட்டதில்லை, பின்னாடியும் கேட்டதில்லை.”

“வருசத்துக்கு ஒருக்கா சொல்லுவாங்க” என்று அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அம்மாவிடம் போனேன். தார்ப்பாய் உள்ளேயே இருந்ததே, அப்பா ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். நாற்பது வருடம் அந்த மலையில் இருந்தவர். காற்றின் சூட்டை வைத்தே மழையைச் சொல்லக்கூடியவர். அம்மா என்னைப் பார்த்தாள். இதற்குத்தானா இவ்வளவு படித்தாய் என்கிற பார்வை.

“தார்ப்பாய எடுத்திருந்தா மழைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமில்ல. அப்பறம் உங்க பெரியப்பன் உங்கக்காவ பஸ் ஏற விட்டிருப்பாரா?”

பெரிய மனிதர்கள் இருவர், தங்கள் அண்ணன் முன்னால் ‘போயிட்டு வா கண்ணு’ என்று சொல்ல வாய் வராமல், ஒரு வருடத்துக் காப்பியை மழையில் போட்டிருக்கிறார்கள். தங்களுடையதை மட்டும் அல்ல, ஒன்றும் அறியாத மேல் தோட்டத்துக்காரருடையதையும். அது எவ்வளவு பெரிய பிரியம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. எவ்வளவு பெரிய கோழைத்தனம் என்று மறுநாள் தோன்றுகிறது. களத்தில் உட்கார்ந்து பழம் பொறுக்கிய சிறுமிக்கு இரண்டுமே தெரியாது. சித்தப்பாவுக்குக் காது மந்தம் என்றும் அப்பா ஏமாந்துவிட்டார் என்றும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அன்று சித்தப்பா மழை என்று கேட்டும் மாற்றிச் சொன்னாரா, இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாரா, அல்லது ரேடியோவே அப்படித்தான் சொன்னதா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. அண்ணனும் தம்பியும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்களா, ஒருவர் செய்ததை மற்றவர் புரிந்துகொண்டு பேசாமல் இருந்தாரா என்பதும் உறுதிப்படவில்லை. அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் இறந்துவிட்டிருந்தார்.